மூன்றாம் நாள் கொடுக்காத மாத்திரை

2021 ஜூலை 2, வெள்ளிக்கிழமை. என் கணவருக்குக் காய்ச்சல் வந்த நாள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அப்போது குளிர்காலம், நாட்டில் மூன்றாவது அலை உச்சத்தில் இருந்தது. டெல்டா வகை கொரோனா. தடுப்பூசி 60 தாண்டியவர்களுக்கு மே மாதமே தொடங்கியிருந்தது. 50 தாண்டியவர்களின் முறை அந்த ஜூலையில்தான் வந்தது. இவருக்கு 46. முறை வரவில்லை.

நாங்கள் இருப்பது சாட்ஸ்வொர்த்தில், ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு. வீட்டுக்கார அம்மாவைத் தெருவே ஆயா என்றுதான் கூப்பிடும்; இங்கே பாட்டிக்கு அதுதான் சொல். அவருடைய முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்கு மதராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். ஆயாவின் தமிழ் கோயிலில் கற்ற தமிழ். தேவாரம் மனப்பாடமாக வரும், ஆனால் "கடைக்குப் போய்ட்டு வரேன்" என்பதற்குள் மூன்று ஆங்கில வார்த்தை புகுந்துவிடும்.

மூன்றாம் நாள் ஆயாவின் உறவினர் ஒருவர் கேட் வழியாக ஒரு மாத்திரை அட்டையை நீட்டினார். கார்டிசோன், ஸ்டீராய்டு வகை மருந்து. "டெக்ஸா மாதிரிதான். ஆஸ்பத்திரியில் இதைத்தான் கொடுக்கிறார்கள். சீக்கிரம் கொடுத்தால் நெஞ்சுக்கே போகாது." நல்ல மனுஷர், அவருடைய அண்ணன் அப்போதுதான் இறந்திருந்தார். அந்த ஊரில் அந்த மாதம் எல்லோரிடமும் ஏதோ ஒரு மாத்திரை இருந்தது. வருடத் தொடக்கத்தில் ஐவர்மெக்டின் கறுப்புச் சந்தையில் ஓடியது. அது தணிவதற்குள் அடுத்தது இது.

மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி, தண்ணீர் டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டேன். இவருக்குக் காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ். கொடுத்துவிடலாம் என்றே இருந்தது. எதற்கும் கேட்டுவிடலாம் என்று எங்கள் குடும்ப டாக்டருக்குப் போன் போட்டேன்.

"விரலில் மாட்டும் கருவி ஆக்ஸிஜன் எவ்வளவு காட்டுகிறது?"

"97."

"அப்படியானால் அதைத் தொடாதீர்கள். இப்போது வைரஸோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பது அவருடைய உடம்புதான். ஸ்டீராய்டு கொடுத்தால் சண்டை போடுகிறவன் கையைக் கட்டிப்போட்டது போல ஆகிவிடும். 94க்குக் கீழே போனால் கூப்பிடுங்கள். பாரசிட்டமால், தண்ணீர், குப்புறப் படுக்கச் சொல்லுங்கள்."

இதன் கணக்கைப் பிற்பாடு தேடிப் படித்தேன். பிரிட்டனில் ரிகவரி என்று ஒரு பெரிய ஆய்வு. 2020 ஜூனில் வந்த அதன் முடிவுதான் அந்த டெக்ஸாவை, அதாவது டெக்ஸாமெத்தசோனை, உலகம் முழுக்கக் கொண்டுபோனது. நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 100க்கு 41 பேர்; மருந்து கொடுத்ததும் அது 29 ஆனது. ஆக்ஸிஜன் மட்டும் வைத்தவர்களில் 26 என்பது 23 ஆனது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களிடம் பலன் ஏதும் தெரியவில்லை. சொல்லப்போனால், மருந்து வாங்கிய பக்கம்தான் இறப்பு சற்று அதிகம்: 14க்குப் பதில் கிட்டத்தட்ட 18. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே மருந்துதான். எந்தக் கட்டத்தில் என்பதுதான் முக்கியம். இது தெரியாமலே அன்றைக்கு அந்த மாத்திரையைத் திரும்ப அட்டைக்குள் அடைக்கப் பார்த்தேன். போகவில்லை. டிஷ்யூவில் சுற்றி டிராயரில் போட்டேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் குறைந்தது. எழுந்து ரசம் சாதம் கேட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன். இப்படி ஏமாந்தவர்கள் நிறையப் பேர் என்று அப்புறம்தான் தெரிந்தது. முதல் வாரம் வைரஸ் பெருகும். இரண்டாம் வாரம் அது அடங்கத் தொடங்கும் நேரத்தில் சிலருக்கு நோயெதிர்ப்பு மண்டலம் அடங்க மறுக்கும். செல்கள் ஒன்றையொன்று கூப்பிடச் சைட்டோகைன் என்கிற புரதங்களை அனுப்பும். அந்தக் கூப்பாடு நிற்காமல் போனால் ரத்தக்குழாய்கள் கசியும், நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோக்கும், அங்கங்கே ரத்தம் உறையும். பத்திரிகைகள் சைட்டோகைன் புயல் என்று எழுதியது இதைத்தான். கொரோனாவில் அந்தப் புரதங்களின் அளவு மற்ற நோய்களில் வரும் புயல்களை விடக் குறைவு, அந்தப் பெயரே பொருந்தாது என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. ஆக்ஸிஜன் 88 காட்டும்போது பெயரைப் பற்றி யாருக்குக் கவலை.

ஆம், 88. எட்டாம் நாள் இரவு 93 இருந்தது. ஒன்பதாம் நாள், சனிக்கிழமை காலையில், முற்றத்தில் நாற்பது அடி நடக்கச் சொல்லி விரலில் கருவியை மாட்டினேன். 91. உட்கார வைத்தேன், ஏறவில்லை. 88. இவரோ, "எனக்கு ஒண்ணும் மூச்சு வாங்கலையே" என்கிறார். உதடு மட்டும் நாவல்பழம் தின்றவர் மாதிரி இருந்தது.

ஆயாவின் மகன் காரை எடுத்தான். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். முதல் மருத்துவமனையில் இடமில்லை. இரண்டாவதில் கேஷுவல்டி வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள், அங்கேயே ஆக்ஸிஜன். நான்கு மணி நேரம் கழித்து வார்டில் இடம் கிடைத்தது. நான் உள்ளே போகக் கூடாது. கேட்டில் ஒரு பையைக் கொடுத்தேன்: போன் சார்ஜர், பல் துலக்க பிரஷ், திருநீறு டப்பா. அனுமதிப் படிவத்தை அவரே நிரப்பினார். இந்தப் படிவம் பின்னால் வரும்.

அன்றைக்கே டெக்ஸாமெத்தசோன் ஆரம்பித்தார்கள். கூடவே ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி. ரத்தப் பரிசோதனையில் சி.ஆர்.பி. என்று ஒரு எண் இருக்கிறது, உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டுவது. சாதாரணமாக 10க்குக் கீழே இருக்க வேண்டும். சனிக்கிழமை 96. திங்கள் காலை 171. ஸ்டீராய்டு கொடுத்தும் ஏறுகிறது. முகமூடி ஆக்ஸிஜன் போதாமல், மூக்கு வழியாக நிமிடத்துக்கு 60 லிட்டர் செலுத்தும் கருவிக்கு மாற்றிவிட்டார்கள்.

வெளியே வேறொன்று எரிந்துகொண்டிருந்தது. முன்னாள் ஜனாதிபதி சிறைக்குப் போன பிறகு 9ஆம் தேதி தொடங்கிய கலவரம், அந்தத் திங்கட்கிழமை டர்பன் முழுக்கப் பரவியது. கடைகள், கிடங்குகள் சூறை. நெடுஞ்சாலையில் லாரிகள் எரிந்தன. ரொட்டி இல்லை, பெட்ரோல் இல்லை. நர்ஸ்களால் வேலைக்கு வர முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் இரண்டு நாளாக வீட்டுக்குப் போகவில்லை.

அந்த நேரத்தில்தான் வார்டு டாக்டர் போன் செய்தார். ஜூலு பேசும் பெண், குரலில் தூக்கமில்லாத கரகரப்பு. டோசிலிசுமாப் என்று ஒரு மருந்து கொடுக்க நினைக்கிறோம் என்றார். இன்டர்லூக்கின் 6 என்ற சைட்டோகைன் செல்களோடு போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடும் மருந்து. ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் தடமிட்சு கிஷிமோட்டோவின் ஆராய்ச்சியில் பிறந்தது. முடக்குவாதத்துக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கிறார்கள். ரிகவரி ஆய்வு 2021 பிப்ரவரியில் இதற்கும் முதல் முடிவைச் சொல்லி, மே மாதம் முழு முடிவை வெளியிட்டிருந்தது. ஆக்ஸிஜன் 92க்குக் கீழே போன அல்லது ஆக்ஸிஜன் வைக்க வேண்டியிருந்த, சி.ஆர்.பி. 75 அல்லது அதற்கு மேலே இருந்த 4,116 பேர். மருந்து இல்லாதவர்களில் 100க்கு 35 பேர் இறந்தார்கள், மருந்து வாங்கியவர்களில் 31. பெரும்பாலோர் ஸ்டீராய்டும் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது ஜூலை 6ஆம் தேதி, அதாவது இந்தப் போன் வருவதற்கு ஆறு நாள் முன்பு.

"அதாவது 25 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாகப் பிழைப்பார்" என்றார் டாக்டர். "உங்கள் கணவர் அந்த ஒருவரா என்று எனக்குத் தெரியாது. அது யாருக்குமே தெரியாது."

அவர் என்னிடம் பேசியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இதுதான். அந்த வாரத்தில் மற்ற எல்லோரும் எனக்கு உறுதிமொழிகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கேட்டார்: "அவருக்கு எப்போதாவது காசநோய் வந்ததுண்டா? படிவத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறார். ஆனால் எக்ஸ்ரேயில் வலது மேல் பக்கம் பழைய தழும்பு மாதிரி ஒன்று தெரிகிறது." நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுத்தால் உள்ளே தூங்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவில் காசநோய் அதிகம், அதனால் கேட்காமல் கொடுக்க மாட்டார்கள். மஞ்சள் காமாலை பி வகை இருக்கிறதா என்றும் ரத்தம் எடுத்திருந்தார்கள்.

இல்லவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், ஊருக்குப் போன் போட்டேன். விருதுநகரில் மாமியார்.

"அத்தை, அவருக்கு டிபி வந்திருக்கா?"

அந்தப் பக்கம் பேச்சில்லை. டிவி சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் யாரோ அதைக் குறைத்தார்கள்.

"யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லலை. டாக்டர் கேக்கிறாங்க. மருந்து கொடுக்கணும், அதுக்கு."

"காலேஜ் ரெண்டாவது வருஷம். ஆறு மாசம் மாத்திரை முழுசா சாப்பிட்டான்மா. ஒரு நாள் விடலை, நான் எண்ணிப் பாத்துக் கொடுத்தேன். பொண்ணு பாக்க வந்தப்ப சொல்ல வேண்டாம்னு மாமாதான்…"

பதினேழு வருடக் கல்யாணம். கோபப்பட நேரம் இல்லை. டாக்டரைத் திரும்ப அழைத்து, ஆறு மாதம் முழுதாகச் சாப்பிட்டிருக்கிறார் என்றேன். "நல்லவேளை கேட்டீர்கள். முழுக் கோர்ஸ் முடித்திருந்தால் தடையில்லை, ஆனால் பிற்பாடு கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்" என்றார். படிவத்தைத் திருத்திக்கொள்வதாகச் சொன்னார்.

சரி, மருத்துவம் முடிந்தது, இனி மெடிக்கல் எய்ட். இங்கே காப்பீட்டுக்கு அதுதான் பெயர். விலையுயர்ந்த மருந்து என்றால் முன்னாலேயே அனுமதி எண் வாங்க வேண்டும். இந்த மருந்து ஏன் தேவை என்று விளக்கி டாக்டர் ஒரு மோட்டிவேஷன் கடிதம் எழுதினார். இரண்டு மணி நேரத்தில் பதில்: கொரோனாவுக்கென்று பதிவு செய்யப்படாத மருந்து, மறுக்கப்பட்டது. கால் சென்டரில் மூன்று பேரிடம் மாறி மாறிப் பேசினேன். மூன்றாவது பெண் பாவம், அவள் வீட்டுக்குப் பின்னாலேயே கடை எரிகிறது என்றாள். அவளிடம் என்ன சண்டை போடுவது.

மருத்துவமனைக் கணக்குப் பிரிவு, நீங்களே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டால் கொடுக்கிறோம் என்றது. தொகை என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. கையெழுத்து நேரில் வேண்டும், போன் படம் செல்லாது என்று ஒரே பிடிவாதம். ஊர் எரியும்போதும் ஒரிஜினல் கேட்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருப்பார்கள் போல.

தம்பி மறுபடி காரை எடுத்தான். எங்கள் தெருமுனையிலேயே நிறுத்தினார்கள். கொள்ளைக்காரர்கள் வந்துவிடக் கூடாது என்று தெருப் பையன்களே வழியை அடைத்திருந்தார்கள்: டயர்கள், ஒரு இரும்புக் கட்டில், சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி இரண்டு, யாரோ வீட்டு நீல பிளாஸ்டிக் நாற்காலி. எங்களைத் தெரிந்த பையன்கள்தான். கட்டிலை இரண்டு பேர் தூக்கி நகர்த்த ஐந்து நிமிடம் ஆனது. எங்களுக்குப் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ். அதற்கும் அதே ஐந்து நிமிடம். காவலுக்குப் போட்டதுதான், உள்ளே வரவேண்டியதையும் அதுவே நிறுத்திவைக்கிறது. உடம்பின் காவலே நுரையீரலுக்கு எதிரியாகிவிட்டது என்று டாக்டர் காலையில் போனில் விளக்கியது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அடுத்த நான்கு கிலோமீட்டரில் இன்னும் மூன்று தடுப்புகள்.

கையெழுத்துப் போட்டேன். அப்புறம் மருந்து இல்லை. எடை 78 கிலோ, அதற்கு 600 மில்லிகிராம். கையிருப்பில் 400 குப்பி ஒன்றுதான். மீதி 200 நகரின் மறுபக்கம் இன்னொரு மருத்துவமனையில், குளிர்பெட்டியில். கூரியர் ஓடவில்லை. செவ்வாய் மாலை, வடக்குப் பக்கத்து நர்ஸ்களைப் பாதுகாப்பு வண்டிகளோடு அழைத்துவந்தார்கள். அதில் ஒருவர் மடியில் அந்தப் பெட்டியும் வந்தது. இரவு எட்டரைக்கு ஒரு மணி நேர ட்ரிப்பாக ஏற்றினார்கள். வார்டு சிஸ்டர் வீடியோவில் காட்டினார். தெளிந்த தண்ணீர் மாதிரி ஒரு பை. இதற்கா இவ்வளவு என்று தோன்றும்.

புதன்கிழமை சி.ஆர்.பி. 84, வெள்ளி 22. நான் துள்ளினேன். டாக்டர் அடக்கினார். இந்த மருந்து ஏற்றிய பிறகு சி.ஆர்.பி.யை நம்பக் கூடாதாம். அதைச் சுரக்கும்படி கல்லீரலைத் தூண்டுவதே இன்டர்லூக்கின் 6தான்; வழியை அடைத்தால் எண் தானாக விழும். நோய் குறையாமலே எண் மட்டும் குறையலாம். அதைவிட மோசம், புதிதாகக் கிருமி தொற்றினாலும் காய்ச்சல், சி.ஆர்.பி. இரண்டுமே சரியாகக் காட்டிக்கொடுக்காது. "ஆக்ஸிஜன் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை மட்டும் என்னிடம் கேளுங்கள்" என்றார். ஆகவே அதை மட்டும் கேட்டேன். 60 லிட்டர், 60, 50, 50, 40. ஒன்பது நாளும் சமையலறைக் காலண்டரில் எழுதினேன்.

இடையில் சர்க்கரை. ஸ்டீராய்டு அதை ஏற்றிவிடும் என்று தெரியும். இவருக்கு அதுவரை சர்க்கரை நோயே இல்லை. 19.4 என்றார்கள், நம்மூர்க் கணக்கில் 350 பக்கம். இன்சுலின் போட்டுச் சமாளித்தார்கள். வீட்டிலேயே ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் இதை யார் பார்த்திருப்பார்கள் என்று யோசித்தேன். டிராயர் பக்கம் போகவில்லை.

ஜூலை 17 ஆடி பிறந்தது. ஆடியில் இங்கே மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். அந்த வருடம் கட்டுப்பாடுகளால் கூட்டம் கூடாது. ஆயா வீட்டுப் பின்வாசலில் சின்னப் பானையில் காய்ச்சினார், வேப்பிலை கட்டி. முதல் கரண்டியை எனக்கு ஊற்றி, "இது மெடிசன் இல்லை, மா. ஆனா நீ ஒண்ணும் சாப்பிடலை" என்றார்.

24ஆம் தேதி வீட்டுக்கு வந்தார். 11 கிலோ குறைந்திருந்தது. குளியலறைக்குப் போய்வர உட்கார்ந்து உட்கார்ந்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது மருந்து விளம்பரம் ஆகிவிடும். அதே வாரம் ஆயாவின் உடன்பிறந்த தம்பி அரசு மருத்துவமனையில் இருந்தார். 63 வயது, ஏற்கெனவே சர்க்கரை. அங்கே விலையின் காரணமாக டோசிலிசுமாப் பேச்சே இல்லை. டெக்ஸாமெத்தசோன், ஆக்ஸிஜன், குப்புறப் படுக்கை, அவ்வளவுதான். அவர் இவருக்கு இரண்டு நாள் முன்னால் வீடு திரும்பிவிட்டார். சில ராண்டுக்குக் கிடைக்கும் பழைய மாத்திரை அது. அவர் அதனால் பிழைத்தாரா, தானாகவா. இவர் அந்த 25இல் ஒருவரா, மற்ற 24இல் ஒருவரா? தெரியாது. கடன் வாங்கியதற்கு வருத்தமும் இல்லை.

அதற்கப்புறம் வாய்ப்புகள் கூடின. பாரிசிட்டினிப் என்ற மாத்திரை, இதுவும் முடக்குவாதத்துக்கானது, செல்லுக்குள் அந்தச் செய்தி போகும் பாதையைத் தடுப்பது. உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் கடுமையான நோய்க்கு அதையும் பரிந்துரைத்தது. குணமானவர்களின் பிளாஸ்மா, கோல்சிசின், ஹைட்ராக்ஸிக்ளோரோகுயின் எல்லாம் அதே ரிகவரி ஆய்வில் பலன் காட்டாமல் போயின. யாராவது உங்களிடம் இவற்றில் ஒன்றை கேட் வழியாக நீட்டினால், முதலில் ஆக்ஸிஜன் அளவைப் பாருங்கள், அப்புறம் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மெடிக்கல் எய்ட் கதை நவம்பர் வரை இழுத்தது. 2020 மேயிலிருந்து கொரோனா, எல்லா மெடிக்கல் எய்டும் கட்டாயம் செலவேற்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருந்தது. அதைக் காட்டி மேல்முறையீடு செய்தேன், அசையவில்லை. மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் அமைப்பான மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலுக்குப் புகார் எழுதினேன். இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். டாக்டரின் கடிதம், மறுப்புக் கடிதம், ஜூலை 6 பரிந்துரையின் பிரதி, சி.ஆர்.பி. எண்கள், எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி அனுப்பினேன். ஒவ்வொரு போன் அழைப்புக்கும் தேதி, நேரம், பேசியவர் பெயர் குறித்து வைத்திருந்தது அங்கேதான் உதவியது. முழுத் தொகை வரவில்லை. முக்கால்வாசி வந்தது.

அந்தக் கோப்பை ஒரு நாள் இவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தார். மருத்துவமனைக் குறிப்பின் பிரதியும் அதில் இருந்தது. முந்தைய காசநோய் என்ற வரியில் இல்லை என்பது அடிக்கப்பட்டு, பக்கத்தில் ஆம், மனைவி சொன்னது, 12 ஜூலை என்று வேறொரு கையெழுத்து. அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"அம்மா சொன்னாங்களா?"

"ஆமா."

கோப்பை மூடினார். "ரசம் இன்னும் இருக்கா?" என்றார். ஊற்றினேன்.